‘பாராமீட்டரைசேஷன்’: ‘ஈட்டுரு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். காலநிலைக் கணிப்பில் வரும் ‘பாராமீட்டரைசேஷன்’ என்பதற்குத் தாங்கள் முன்வைத்த ‘அளவுருவாக்கம்’ இலக்கணப்படி பிழையற்றதே. ஆனால் ‘அளவுரு (பாராமீட்டர்) + ஆக்கம்’ என்று நாம் எண்ணி எழுதுவதை, படிப்பவர் ‘அளவு + உருவாக்கம்’ என்று பிரித்துவிடுகிறார். எப்படிப் பிரித்தாலும் அங்கே நடக்கும் வேலை சொல்லில் தெரியவில்லை என்பதே என் பெரிய குறை.

காலநிலை மாதிரி, அதாவது கணினியில் ஓட்டும் காலநிலைக் கணக்கு, வளிமண்டலத்தை ஒரு வலையாகப் பகுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. நூறாண்டுகளுக்கு ஓட்டப்படும் உலகளாவிய மாதிரிகளில் ஒரு கண்ணின் அகலம் பெரும்பாலும் 100 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். இடிமேகத்தின் அகலமோ சில கிலோமீட்டர்தான். பெருங்கண் வலையில் சிறுமீன்போல் அது நழுவிவிடுகிறது. நழுவியது போகட்டும் என்று விடவும் முடியாது. அது மேலே கொண்டுசெல்லும் வெப்பமும் ஈரமும் கணக்கில் வந்தாக வேண்டும். எனவே அந்தக் கண்ணின் சராசரி வெப்பநிலை, ஈரப்பதம் முதலியவற்றைக் கொண்டே மேகத்தின் விளைவை மதிப்பிடும் வாய்பாடு ஒன்றை, மேகத்துக்கு ஈடாக வைக்கிறார்கள். இதுவே பாராமீட்டரைசேஷன். மாதிரிக்கு மாதிரி கணிப்பு வேறுபடுவதற்கு இந்த மதிப்பீடு ஒரு முதன்மைக் காரணம்.

ஆகவே ஈடு + உரு = ‘ஈட்டுரு’ என்று பரிந்துரைக்கிறேன். ‘பதிலீடு’ பிற துறைகளில் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குவதால் அதைத் தவிர்த்தேன். செயலுக்கு ‘ஈட்டுருவாக்கம்’ எனலாம்; இதையும் இருவகையாகப் பிரிக்கலாம், ஆனால் எவ்வகையிலும் பொருள் கெடாது.

மீத்திறன் கணினிகள் வந்தபின் இச்சொல்லுக்கே வேலையிராது என்று சென்ற மடலில் எழுதியிருந்தீர்கள். 2023இல் அமெரிக்காவின் ‘ஃபிரான்டியர்’ கணினியில் 3.25 கிலோமீட்டர் கண்ணுடன் உலகளாவிய வளிமண்டல மாதிரி ஓடியபோது, பெரும் இடிமேகங்களுக்கான ஈட்டுரு உண்மையிலேயே கழன்றது. ஆயினும் கண்ணின் அகலத்தைப் பாதியாக்கினால் கண்கள் நான்கு மடங்காகும். காலப்படியையும் (ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவும் நேர இடைவெளி) பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். மேகத்துளியோ மைக்ரான் அளவினது. அதுவரை எந்த வலையும் இறங்காது. ஈட்டுருக்கள் குறையலாம், ஒழியமாட்டா.

இன்னொன்று: வலையின் கண்ணைவிடச் சிறியதைக் குறிக்கும் ‘சப்கிரிட்’ என்பதற்கு ‘உட்கண்’ என்று எழுதிப் பார்த்தேன், ஞானக்கண் போல ஒலிக்கிறது. ‘கண்ணுக்குட்பட்ட’ என்றால் இன்னும் மோசம், பார்வைக்கு எட்டிய என்றாகிவிடும். தங்களுக்கு ஏதேனும் தோன்றுகிறதா?