எங்கள் டிராயிங் மாஸ்டர்

போன மாதம் எங்கள் டிராயிங் மாஸ்டர் காலமானார். எண்பதுகளில் கும்பகோணத்தில் அவரிடம் படித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அவருடைய கோபத்தைப் பற்றித்தான். கோபக்காரர்தான், அதை யாரும் மறுக்க முடியாது. சாக்பீஸ் எந்தப் பக்கத்திலிருந்து பறந்து வரும் என்று தெரியாது. ஆனால் என் பங்குக்கு நான் சொல்ல நினைப்பது ஒரு பித்தளைச் சொம்பைப் பற்றி.

அரசு நடத்தும் லோயர் டிராயிங் தேர்வில் மாடல் டிராயிங் உண்டு. மேசையில் ஒரு சொம்பையோ குடத்தையோ வைத்து வரையச் சொல்வார்கள். பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் வரைவோம். வாய் முட்டை வடிவத்தில் இருக்கும், அடி மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடாக இருக்கும். சொம்பு மேசையில் ஆடாமல் நிற்கிறதே, அடி எப்படி வளையும்?

சார் போர்டில் சரியான படத்தைப் போட்டுக் காட்டியதே இல்லை. சொம்பைக் கையில் எடுத்து நம் முகத்துக்கு முன்னால் மெதுவாக உயர்த்துவார். உயர உயர அதன் வாய் ஒடுங்கிக்கொண்டே வரும். கண்ணுக்கு நேரே வந்ததும் வெறும் கோடாகிவிடும். "இப்ப வாய் எங்கடா?" என்பார். அப்புறம் இறக்குவார். இறங்க இறங்க வாய் விரியும். "கண்ணுக்குக் கீழ போகப் போக வட்டம் விரியுதா? அப்ப வாய்க்கும் கீழ இருக்கிற அடி?" வகுப்பே முழிக்கும். வாயைவிட அடிதான் கூடுதலாக வளைய வேண்டும். அதன் முன்பக்க விளிம்பு மட்டும் நம் கண்ணுக்குத் தெரியும். இதை அவர் கடைசி வரை வாயால் சொல்லவில்லை. எங்களில் ஒருவன் சொல்லும் வரை சொம்பை ஏற்றி இறக்கிக்கொண்டே நின்றார். கை வலித்திருக்கும்.

அவர் வந்தவாசிப் பக்கத்துக்காரர். அறுபதுகளின் கடைசியில் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தவர். எழும்பூரைத் தாண்டிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் பழைய சிவப்புக் கட்டடம். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-ல் தொடங்கிய பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே நெடுங்காலம் தலைமையில் இருந்தார். அவருக்குப் பின் 1957-லிருந்து கே.சி.எஸ். பணிக்கர். 1966-ல் பணிக்கரும் கூட இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்று வந்த வருமானம்தான் அந்த இடத்துக்கு மூலதனம். எங்கள் சார் போய்ச் சேர்ந்தபோது கல்லூரியில் அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்ததாம். ஆனால் அவர் வாயில் அடிக்கடி வந்த பெயர் சிற்பி எஸ். தனபால். தனபால் ஓவியத்தில் தொடங்கிச் சிற்பத்துக்குப் போனவர், 1972-லிருந்து ஐந்து வருடம் முதல்வராகவும் இருந்தார். 'தனபால் சார்' என்று சொல்லும்போது மட்டும் எங்கள் மாஸ்டரின் குரல் இறங்கிவிடும்.

அங்கே அவர் பிடித்துக்கொண்டு வந்தது கோடு. வண்ணம் அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் கட்சி. சனிக்கிழமைகளில் சைக்கிளில் எங்களைத் தாராசுரம் கூட்டிப்போவார். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில். இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். அங்கே காளைக்கும் யானைக்கும் ஒரே தலை வைத்துச் செதுக்கியிருப்பார்களே, அதன் ஒரு பாதியை உள்ளங்கையால் மறைக்கச் சொல்வார். யானை. கையை மாற்றினால் காளை. வந்தவர்கள் எல்லாரும் செய்கிற விளையாட்டுதான். அவர் அதோடு விடமாட்டார். இரண்டுக்கும் பொதுவான கோடுகளை மட்டும் வரைந்து கொண்டுவா என்பார். உட்கார்ந்து பாருங்கள், மத்தியானம் போய்விடும். நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கிய வரிசையில் முதலை வாயிலிருந்து பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சி எனக்குப் பிடித்தது. அதைப் பெரிய தாளில் வரைய ஆரம்பித்தேன். "கல்லுல எவ்வளவு இருக்கோ அவ்வளவே போடு" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை செய்கிற குடும்பத்துப் பையன் ஒருவன் எங்களோடு படித்தான். கணக்கில் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றாத வாரமில்லை. அவனை ஒரு நாள் தென்னை ஓலைக் கீற்றோடு வரச் சொன்னார் சார். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவு எடுப்பது அவர்கள் வீட்டுத் தொழில். சிலைக்கு நவதாள அளவு என்றால் முகத்தின் நீளம் ஒரு தாளம், உருவம் அந்த மாதிரி ஒன்பது. கீற்றை மடிக்கிற மடிப்பிலேயே அந்தப் பங்குகள் விழுந்துவிடும். ஸ்கேல் வேண்டாம், வகுத்தல் வேண்டாம். அவன் மடித்துக் காட்ட, சார் எங்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டார். அந்தப் பையன் இப்போது ஸ்தபதி. இதைப் பற்றிக் கேட்டால், "அன்னைக்கு என்னை 'வாங்க'ன்னு கூப்பிட்டாரு" என்கிறான். அவனுக்கு ஞாபகம் இருப்பது அதுதான்.

பள்ளிக்கூடம் அவரை எப்படி வைத்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிராயிங் பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். மீதி நேரத்தில் ஆண்டு விழாத் திரைச்சீலை, ஆய்வாளர் வருகிறார் என்றால் சுவரில் பொன்மொழி, தலைவர்கள் படம். எங்கள் பள்ளி என்றில்லை, எங்கேயும் இதே கதைதான். 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்ததே, ஓவியம், உடற்கல்வி, தையல் என்று, அப்போது அவர் ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. பேப்பரில் படித்துவிட்டு, "பாதி நேரம் கணக்கு வாத்தியாருக்குன்னு ஏற்கெனவே குடுத்தாச்சு, மீதிக்கு இவங்களா" என்று சிரித்தார்.

அவருடைய சொந்த ஓவியங்களைப் பற்றி, இறந்தவர் என்பதற்காக மிகையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இரவில் வீட்டுத் திண்ணையில் ஹார்ட்போர்டில் ஆயில் கலரில் வரைவார். கேன்வாஸ் வாங்கக் கட்டாது. சில வருடம் படங்களில் எழுத்து, கட்டம், ஜாதகச் சக்கரம் மாதிரி குறிகள் வந்துகொண்டே இருந்தன. அந்த மாதிரி வரைந்த பணிக்கரின் பாதிப்பு என்று பார்த்தவுடன் தெரியும், அவருக்கும் தெரியும். வண்ணத்தைக் கொஞ்சம் கனமாகப் பூசிவிடுவார் என்பது என் எண்ணம். ஆனால் பால்பாயிண்ட் பேனாவில், பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் போட்ட அரசலாற்று எருமைகள் இருக்கின்றனவே, அவை வேறு ரகம். முதுகெலும்பு ஒரே இழுப்பு. தண்ணீர் வரையவே மாட்டார், வயிற்றுக் கோட்டை நிறுத்திய இடத்தில் தண்ணீர் இருக்கும். கண்காட்சி வையுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தோம். கேட்டவனிடமே ஒரு படத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அதனால்தான் இப்போது சிக்கல். வீட்டில் மிச்சமிருப்பது பரணில் ஒரு கட்டு, அதிலும் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மற்றதெல்லாம் மாணவர்கள் வீட்டில் சிதறிக் கிடக்கிறது. அவருடைய மகள் எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாகப் பதிவு செய்ய நினைக்கிறார். படம் வைத்திருப்பவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. வலது கீழ் மூலையில் தமிழ் எண்ணில் வருடம் மட்டும் இருக்கும், சில சமயம் ஃபிரேமுக்கு அடியில் போயிருக்கும். விடைத்தாளில் வரைந்த படம் என்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். யாருடைய கணக்குப் பரீட்சை என்று பார்த்துவிடலாம்.