ஆப்டிகல் வழியே 5.1: ஒரு கோப்பு சரியாக ஒலிக்கிறது, ஒன்று ஸ்டீரியோவாகிறது, ஒன்று ஊமையாகிறது

நெல்லைச்சீமை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய 5.1 ஏவி ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் கருவி) ஒன்றை அண்மையில் வாங்கினேன். முன்பக்கம் இடது, வலது, நடு, பின்பக்கம் இரண்டு, ஒரு சப்வூஃபர் என எல்லாவற்றையும் இணைத்து, ரிசீவரிலேயே உள்ள சோதனை ஒலியை ஓட்டிப் பார்த்தபோது ஆறும் வரிசையாக ஒலித்தன. ஆகையால் ஸ்பீக்கர் ஒயர்களில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை.

மடிக்கணினியில் உள்ள படங்களைப் போடும்போதுதான் சிக்கல் வருகிறது. விண்டோஸ் மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் தொலைக்காட்சிக்குப் போகிறது. தொலைக்காட்சியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து ஒலி ரிசீவருக்கு வருகிறது. படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் பாஸ்த்ரூவை (ஒலித் தடத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் தேர்வை) இயக்கியிருக்கிறேன். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பிலும் அதே பொருள்படும் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். என் கோப்புகளில் டால்பி டிஜிட்டல், ஏஏசி, டிடிஎஸ் என மூன்று வகைச் சுருக்கிய ஒலித் தடங்கள் உள்ளன. டால்பி டிஜிட்டல் தடம் கொண்ட கோப்பைப் போட்டால் ரிசீவரின் முகப்பில் அந்தப் பெயர் தோன்றி, பின்பக்க ஸ்பீக்கர்களும் வேலை செய்கின்றன. ஏஏசி 5.1 என்று விவரத்தில் காட்டும் எம்பி4 கோப்பைப் போட்டால் முகப்பில் பிசிஎம் (சுருக்கப்படாத எண்வடிவ ஒலி) என்று வருகிறது. முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் மட்டுமே ஒலிக்கின்றன. டிடிஎஸ் தடம் கொண்ட கோப்பில் படம் ஓடுகிறது, ஒலியே இல்லை.

ரிசீவரின் பின்புறம் எச்டிஎம்ஐ நுழைவாய்கள் இருப்பதால், மடிக்கணினியை நேரே அதில் செருகி, அங்கிருந்து இன்னொரு கேபிளைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோயும் பார்த்தேன். படமும் ஒலியும் தொலைக்காட்சியில் வருகின்றன. ரிசீவரின் ஸ்பீக்கர்கள் அமைதியாக இருக்கின்றன. விலை உயர்ந்த ஆப்டிகல் கேபிள் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு கடைக்காரர். கேபிளை மாற்றுவதா, ரிசீவரையே மாற்றுவதா என்று விவரம் தெரிந்தவர்கள் கூறுங்கள்.

கம்பிவடம்:

வணக்கம். கேபிளுக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். ஆப்டிகலில் போவது எண்வடிவத் தரவு. கேபிள் கெட்டிருந்தாலோ முறுக்கி மடித்திருந்தாலோ ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது அறவே நின்றுவிடும், 5.1 ஆக இருந்தது ஸ்டீரியோவாக மாறாது. உங்களுக்கு டால்பி டிஜிட்டல் ஒழுங்காக வருகிறது என்பதே அந்தக் கேபிள் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று.

உங்கள் மூன்று கோப்புகளும் மூன்று வெவ்வேறு காரணங்களால் அப்படி நடந்துகொள்கின்றன. ஆப்டிகல் இணைப்பு தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்தது. குறுந்தகட்டின் இரண்டு சேனல் ஒலியைக் கொண்டுபோவதற்காகப் பிறந்தது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் கணக்கில் இரண்டு சேனல் பிசிஎம் நொடிக்கு 1,536 கிலோபிட் ஆகிறது. அதே கணக்கில் ஆறு சேனலுக்கு 4,608 கிலோபிட் வேண்டும். அதற்கு இந்த வழியில் இடமே வகுக்கப்படவில்லை. ஆனால் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் டிவிடியில் அதிகபட்சம் 448 கிலோபிட், ப்ளூரேயில் 640 கிலோபிட். டிடிஎஸ் முழு வேகத்தில் 1,509 கிலோபிட். இவை அந்த இரண்டு சேனல் இடத்துக்குள் அடங்கிவிடுவதால், பிசிஎம் போலவே உறையிட்டு அனுப்பி, ரிசீவரில் பிரித்து ஆறு சேனலாக்குகிறார்கள். ஆகவே ஆப்டிகலில் 5.1 வேண்டுமென்றால் அது டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ் ஆகவோ வந்தாக வேண்டும், வேறு வழியில்லை.

ஏஏசி கோப்பு அங்கேதான் அடிபடுகிறது. பெரும்பாலான ரிசீவர்கள் ஏஏசியைப் பிரித்தறியா என்பதால் விஎல்சியே அதைப் பிரித்து ஆறு சேனல் பிசிஎம் ஆக்குகிறது. அதற்குள் விண்டோஸ் மறுமுனையில் இருக்கும் கருவியின் இடிஐடி என்னும் தகவல் குறிப்பைப் படித்துவிடுகிறது. விருந்தாளி எதைச் சாப்பிடுவார் என்று முன்னதாகவே கேட்டுவிட்டு உலை வைப்பது போன்ற ஏற்பாடு இது. உங்கள் தொலைக்காட்சிக்குச் சொந்தமாக இருப்பவை இரண்டே ஸ்பீக்கர்கள். ஆகவே ‘பிசிஎம் என்றால் இரண்டு சேனல் போதும்’ என்று அது சொல்கிறது. ரிசீவர் ஒன்று பின்னால் இருப்பது மடிக்கணினிக்குத் தெரியவே தெரியாது. ஆறு சேனல்களும் மடிக்கணினியிலேயே இரண்டாகக் கலக்கப்பட்டு வெளியேறுகின்றன. சப்வூஃபர் ஒலிப்பதை வைத்து ஏமாற வேண்டாம். முன்பக்க ஸ்பீக்கர்களைச் சிறியவை என்று குறித்திருந்தால், ஸ்டீரியோவில் உள்ள தாழ்ந்த அதிர்வெண்களை ரிசீவர் தானாகவே அங்கே திருப்பிவிடும்.

டிடிஎஸ் ஊமையாவதற்குத் தொலைக்காட்சியே காரணம். டிடிஎஸ் உரிமம் பெறாத தொலைக்காட்சிகள் சந்தையில் நிறைய உண்டு. அவை டிடிஎஸ்ஸைப் பிரிப்பதும் இல்லை, பல மாதிரிகளில் ஆப்டிகலுக்குத் தள்ளிவிடுவதும் இல்லை.

பழைய இசைத்தட்டு:

மேலே நண்பர் கூறியதை ஏற்கிறேன். எச்டிஎம்ஐ குறித்து அவர் தொடாததை நான் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பழைய ரிசீவர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் அதுதான்.

எச்டிஎம்ஐ முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வந்தபோதே எட்டு சேனல் பிசிஎம்மைக் கொண்டுபோகும் திறன் அதற்கு இருந்தது. ஆயினும் தொடக்க ஆண்டுகளில் வந்த பல ரிசீவர்களில் எச்டிஎம்ஐ வெறும் மாற்றுச் சுவிட்சாகவே இருந்தது. இரண்டு மூன்று கருவிகளில் எதைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்குமே தவிர, உள்ளே போகும் ஒலியைத் தொடாது. அத்தகைய ரிசீவரில் படத்துக்கு எச்டிஎம்ஐயும் ஒலிக்குத் தனியாக ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் கேபிளும் போட வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் ரிசீவர் அந்த வகை என்று நீங்கள் விவரித்த அறிகுறியே காட்டுகிறது, பழுது அல்ல. எனினும் ஒருமுறை அமைப்புப் பட்டியலில் எச்டிஎம்ஐ ஒலி ‘டிவி’ என்றும் ‘ஆம்ப்’ (அதாவது ரிசீவர்) என்றும் இரண்டு தேர்வுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் ‘ஆம்ப்’ என்று மாற்றிய அந்த நொடியே உங்கள் சிக்கல் முடிந்தது. மூன்று கோப்புகளும் பேசும், மேற்கொண்டு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு தேர்வு இல்லையென்றால், தொலைக்காட்சியை ஒலியின் பாதையிலிருந்து விலக்குவதே வழி. எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு சிறிய பெட்டி கிடைக்கிறது. மடிக்கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே அதை வைத்தால், படத்தைத் தொலைக்காட்சிக்கு விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஆப்டிகலில் பிரித்து ரிசீவருக்குத் தரும். வாங்கும்போது அதில் இடிஐடி சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தச் சுவிட்சில் ‘2 சேனல்’, ‘5.1’, ‘டிவி’ என்பன போன்ற நிலைகள் இருக்கும், ‘5.1’இல் வைத்தால் தொலைக்காட்சியின் குறிப்புக்குப் பதிலாகத் தன் குறிப்பை அந்தப் பெட்டி மடிக்கணினிக்குக் காட்டும். சுவிட்ச் இல்லாத மலிவான பெட்டி தொலைக்காட்சி சொன்னதையே திருப்பிச் சொல்லும், காசு வீண்.

ஏஏசிக்கு மட்டும் இதுவும் போதாது, ஏனெனில் கடைசித் துண்டு இன்னமும் ஆப்டிகல்தான். அதற்குக் ‘கோடி’ (Kodi) என்னும் படம் ஓட்டும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதன் ஒலி அமைப்பில் பாஸ்த்ரூவை அனுமதித்து, ரிசீவர் டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் ஏற்கும் என்று குறித்துவிட்டு, டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் தேர்வையும் இயக்க வேண்டும். அந்தத் தேர்வு, சேனல்களின் எண்ணிக்கையை 2.0 என்று வைத்தால்தான் கண்ணில் படும். 5.1 வேண்டும் என்பவர் 5.1 என்று வைப்பதுதானே இயல்பு, ஆனால் இங்கே அந்த எண் குறிப்பது கம்பியின் பிசிஎம் கொள்ளளவை, உங்கள் ஸ்பீக்கர்களை அல்ல. பலர் இந்த இடத்தில்தான் மணிக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

ப்ளூரேயிலிருந்து எடுத்த கோப்புகள் உங்களிடம் இருந்தால் இன்னொரு செய்தி: டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் என்னும் இழப்பில்லாத தடத்துக்குள் சாதாரண டிடிஎஸ் ஒரு கருவாக இருக்கும், அந்தக் கருவை மட்டும் உருவி ஆப்டிகலில் அனுப்ப முடியும். டால்பி ட்ரூஎச்டி அப்படி அல்ல. வட்டில் அதனுடன் ஒரு டால்பி டிஜிட்டல் தடம் சேர்ந்தே வரும், ஆனால் கோப்பாக மாற்றியவர் அதை விட்டுவிட்டிருந்தால் மறுபடி மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

வடகரை:

ஒரு சிறு மறுப்பு. ‘பாஸ்த்ரூ போடுங்கள்’ என்பதை எல்லோருக்கும் பொதுவான மருந்தாகச் சொல்லும் வழக்கம் பரவிவருகிறது. அது ஆப்டிகலுக்குப் பொருந்தும் அறிவுரை. எச்டிஎம்ஐ ஒலியை ஏற்கும் ரிசீவர் இருப்பவர்கள், ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் போன்ற இழப்பில்லாத தடங்களைக் கணினியிலேயே பிரித்து ஆறு அல்லது எட்டு சேனல் பிசிஎம்மாக அனுப்பினாலும் ரிசீவரில் பிரிப்பதற்கும் அதற்கும் தரத்தில் வேறுபாடு இல்லை. விண்டோஸின் ஒலி அமைப்பில் 5.1 என்று ஸ்பீக்கர்களைக் குறித்துவிட்டால் விளையாட்டுகள், உலாவி, படங்கள் எல்லாமே தடையின்றி ஓடும். முகப்பில் டால்பி என்ற எழுத்து மின்னவில்லையே என்பதற்காக வருந்துவது தேவையற்றது. விலக்கு ஒன்று உண்டு: அட்மோஸ், டிடிஎஸ்:எக்ஸ் ஆகியவற்றில் ஒலிகளின் இருப்பிடத்தைச் சொல்லும் குறிப்புகள் கணினியில் பிரிக்கும்போது கழன்றுவிடும் என்பதால், அவற்றை பிட்ஸ்ட்ரீமாகவே அனுப்ப வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு ஓர் எச்சரிக்கை. பாஸ்த்ரூவில் போவது ஒலி அலை அல்ல, சுருக்கிய தரவு. எனவே மென்பொருளின் ஒலியளவை ஏற்றி இறக்குவதால் பயன் இல்லை. ரிசீவரில் மட்டும் மாற்றுங்கள். சோதனை செய்யும்போது ரிசீவரின் ஒலியளவை முதலில் நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தரவை பிசிஎம் என்று தவறாக எடுத்துக்கொள்ளும் கருவியில் காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும். உயர்ந்த அதிர்வெண்களை ஒலிக்கும் ட்வீட்டர்களுக்கு அது நல்லதல்ல.

நெல்லைச்சீமை:

மூவருக்கும் நன்றி. ரிசீவரின் பட்டியலில் எச்டிஎம்ஐ ஒலிக்கான தேர்வு எதுவும் இல்லை. கையேட்டை இணையத்தில் தேடிப் படித்ததில் அது மாற்றுச் சுவிட்ச் வகைதான் என்று உறுதியானது. இடிஐடி சுவிட்ச் உள்ள எக்ஸ்ட்ராக்டரை வாங்கி ‘5.1’இல் வைத்தேன், டிடிஎஸ் கோப்பு உடனே பேசிவிட்டது. கோடியில் 2.0 வைத்த பிறகு ஏஏசி கோப்பும் டால்பி டிஜிட்டலாகவே வந்து சேர்கிறது.

இப்போது வேறொன்றைக் கவனிக்கிறேன். ஒரே படத்தில் இரண்டு தடங்களும் இருக்கும்போது டிடிஎஸ் கம்பீரமாகவும் டால்பி சற்று மங்கலாகவும் கேட்கிறது. தவிர, சண்டைக் காட்சியில் வீடு அதிர்கிறது. அடுத்த காட்சியில் வசனம் கேட்க ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. இரவில் வீட்டில் உள்ளவர்கள் கடிந்துகொள்கிறார்கள்.

கம்பிவடம்:

முதலாவதுக்கு விடை எளிது, ஆனால் டிடிஎஸ் அன்பர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டால்பி டிஜிட்டல் தடத்தில் வசனத்தின் சராசரி அளவைக் கூறும் டயல்நார்ம் என்ற எண் பதிந்திருக்கிறது. -31 என்றால் ரிசீவர் ஒலியளவைத் தொடாது. பல திரைப்படத் தடங்களில் காணப்படும் -27 என்றால் நான்கு டெசிபல் குறைத்துவிடும். டிடிஎஸ் தடங்களில் பெரும்பாலும் அப்படிக் குறைப்பது இல்லை. நான்கு டெசிபல் கூடுதலாகக் கேட்பது எதுவாயினும் காதுக்கு அது உயர்ந்த தரமாகவே படும். டால்பியின்போது ஒலியளவை அந்த அளவு ஏற்றிவிட்டு மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்லும் கம்பீரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பது என் கணிப்பு.

வசனம் மங்குவதற்கு நடு ஸ்பீக்கரைக் கவனியுங்கள். 5.1இல் வசனம் பெரும்பாலும் அந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. அது தொலைக்காட்சி மேசையின் உள்தட்டில் ஒளிந்திருந்தால் விளிம்புவரை முன்னே இழுத்து, அமர்ந்திருப்பவரின் காதை நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். பிறகு சோதனை ஒலியை மறுபடி ஓட்டி, நீங்கள் அமரும் இடத்திலிருந்து ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரே அளவில் கேட்கும்படி ஒவ்வொன்றின் அளவையும் திருத்துங்கள். கைப்பேசியில் உள்ள ஒலிமானி செயலி இந்த ஒப்பீட்டுக்குப் போதும். பழைய உரிமையாளரின் அறைக்கு ஏற்ப அமைத்த எண்கள் அப்படியே கிடக்க வாய்ப்புண்டு என்பதால், ஸ்பீக்கர்களின் தூரங்களையும் அளந்து புதிதாக எழுதுங்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. அந்தத் தாமதத்தை ஈடுகட்டவே ரிசீவர் தூரத்தைக் கேட்கிறது.

இரவுக்கு, ரிசீவரில் ‘நைட்’ அல்லது ‘மிட்நைட்’ என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். அது டால்பி தடத்தோடு வரும் குறிப்பை வைத்துப் பெரிய ஒலியை அடக்கி, சிறிய ஒலியை உயர்த்தும். பழைய ரிசீவர்களில் பிசிஎம் வரும்போது அது வேலை செய்யாமல் போகலாம். உங்களுக்கு ஏஏசியும் இப்போது டால்பியாகவே வருவதால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கோடி மாற்றித் தரும் தடத்தில் அந்தக் குறிப்பு இல்லாமல் இருந்தால், விளைவு அசல் டால்பித் தடத்தில் உள்ள அளவு தெரியாது. அந்தக் கோப்புகளுக்குக் கோடியின் ஒலி அமைப்பில் உள்ள ஒலியளவுப் பெருக்கத்தை முயலலாம், ஆனால் மாற்றி அனுப்பும் தடங்களில் மட்டும். நேரடிப் பாஸ்த்ரூவில் அது செல்லாது.