சிபிஐ பொறி வழக்கில் சாட்சியாகப் போன அனுபவம்

லஞ்ச வழக்கு என்றால் புகார் கொடுத்தவரைப் பற்றியும் மாட்டிக்கொண்டவரைப் பற்றியும்தான் பேச்சு இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்த சாட்சியை யாரும் கேட்பதில்லை. லஞ்சம் வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்கிற பொறி வழக்கு ஒன்றில் நான் அந்தச் சாட்சியாகப் போனவன்.

எனக்குப் பொதுத்துறை வங்கியில் வேலை. மத்திய அரசு ஊழியர் மீது லஞ்சப் புகார் வந்தால், சிபிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவு சம்பந்தமே இல்லாத அலுவலகங்களிலிருந்து சாட்சிகளைக் கேட்டு வாங்கும். என்ன வேலை என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். காலையில் இந்த அதிகாரி முன் ஆஜராகவும் என்று உத்தரவு வந்தது, போனேன்.

புகார்தாரர் ஒரு சின்ன ஒப்பந்தக்காரர். முடித்த வேலைக்கான பில்லைப் பாஸ் செய்ய ஓர் அலுவலகத்தில் பணம் கேட்கிறார்கள் என்றார். புகாரைப் படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் நீங்களே கேளுங்கள் என்று எங்களிடம் சொன்னார்கள். முன்பும் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "போன பில்லுக்குக் கொடுத்தேன் சார். இந்தத் தடவை கொடுத்தா ஆளுங்களுக்குக் கூலி கொடுக்க முடியாது" என்றார்.

அப்புறம் நோட்டு எண்களை ஒவ்வொன்றாக நான் வாசிக்க, மற்றொரு சாட்சி சரிபார்த்தார். நோட்டுகளில் பினாப்தலின் பவுடர் தடவினார்கள். கண்ணுக்குத் தெரியவே இல்லை. அந்தச் சாட்சி நோட்டைத் தொட்டுவிட்டு, சோடியம் கார்பனேட் கரைத்த கண்ணாடி டம்ளரில் விரலை விட்டார். தெளிந்த தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது. பவுடர் தடவியவர் எங்களோடு வரவில்லை, மற்ற எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். புகார்தாரரின் பைகளைக் காலி செய்து, நோட்டுகளை மட்டும் சட்டைப் பையில் வைத்தார்கள். "அவராகக் கேட்டால்தான் எடுக்கணும். நீங்களா நீட்டக் கூடாது" என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கூடவே போய்ப் பார்ப்பதும் கேட்பதும் மட்டும்தான் என் வேலை.

இந்தக் கெடுபிடி வீண் இல்லை. பணம் கைப்பற்றப்பட்டது என்பது மட்டும் போதாது, கேட்டதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. கொடுத்த கடன் திரும்பி வந்தது, அவரே திணித்துவிட்டுப் போனார் என்றெல்லாம் வாதம் வரும். புகார்தாரர் இறந்துபோனாலும், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியானாலும் மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலையையும் வைத்து நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அப்படி ஒரு நிலைமை வந்தால், பக்கத்தில் நின்றவன் காதில் விழுந்த சொற்கள்தான் கைகொடுக்கும்.

அன்று அலுவலகத்துக்குப் போனோம். பணம் கேட்ட அந்த அலுவலர் தலையை நிமிர்த்தாமலே, "சொன்னது இருக்கா?" என்றார். வாங்கி, இரண்டு கையாலும் எண்ணி, மேசை டிராயரில் கோப்புக்கு அடியில் வைத்தார். புகார்தாரர் வாசலுக்கு வந்து தலையைத் தடவினார். அதுதான் சைகை. உள்ளே வந்த அதிகாரிகள் வலது கையைத் தனியாக, இடது கையைத் தனியாகக் கழுவ வைத்தார்கள். இரண்டு டம்ளரும் ரோஸ். பாட்டிலில் ஊற்றி அரக்கு முத்திரை வைத்து, சீட்டில் எங்கள் கையெழுத்தை வாங்கினார்கள். நடந்ததையெல்லாம் பதிவு செய்கிற மகஜரை எழுதி முடிக்க இரவாகிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்தவைதான் கடினம். விசாரணைக்கு முன்பு இரண்டு பேர் கிளைக்கே வந்து, "காதில் சரியா விழலைன்னு மட்டும் சொல்லுங்க சார், பிள்ளைகுட்டிக்காரர்" என்றார்கள். அந்தக் குடும்பத்தை நினைத்து எனக்கும் மனசு கஷ்டப்பட்டது. ஆனால் கூலிக்குக் காத்திருந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

குறுக்கு விசாரணையில், லஞ்சம் என்ற வார்த்தையைச் சொன்னாரா என்று கேட்டார்கள். சொல்லவில்லை, "சொன்னது இருக்கா" என்றுதான் கேட்டார் என்றேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தண்டனை கிடைத்தது. முடிந்தவரை இரண்டு ஆண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் சொல்கிறது. எங்கள் வழக்கு அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. இந்தத் தாமதம் புகார் கொடுத்தவருக்குச் செய்கிற அநியாயம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: ரயில்வே, சுங்கம், பிஎஃப், பொதுத்துறை வங்கி போன்ற இடங்கள் என்றால் சிபிஐ, தாலுகா அலுவலகம், பத்திரப் பதிவு போன்றவை என்றால் மாநில லஞ்ச ஒழிப்புத் துறை. பணம் கொடுப்பதற்கு முன்பே போவதுதான் நல்லது. வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டாலும், ஏழு நாளுக்குள் தகவல் சொன்னால் கொடுத்த குற்றம் உங்கள் மேல் வராது. இதுவும் 2018 திருத்தத்தில் வந்ததுதான். போகும்போது தேதி, நேரம், அவர் உங்களிடம் கேட்ட அதே வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.