முடி கொட்டுவதற்கு முன் என்ன நடந்தது? சிலருடைய அனுபவங்கள்

காய்ச்சலிலிருந்து தேறியவர்:

முடி கொட்டுகிறது என்று சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் கேட்பது, என்ன எண்ணெய் தேய்க்கிறாய், எந்த ஷாம்பு போடுகிறாய் என்பதைத்தான். என்னைப் பார்த்த தோல் மருத்துவர் இரண்டையும் கேட்கவில்லை. “இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பு உடம்புக்கு ஏதாவது வந்ததா?” என்றார். வந்திருந்தது. படுக்கையை விட்டு எழ முடியாத அளவுக்குக் கடுமையான காய்ச்சல். அது விட்டு, உடம்பு தேறி, வேலைக்கும் திரும்பிய பிறகுதான் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரத் தொடங்கியது. இடையில் இவ்வளவு நாள் கடந்துவிட்டதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்குமே தோன்றாது.

அவர் பொறுமையாக விளக்கினார். தலையில் ஏறக்குறைய 1,00,000 முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்கிறது. பிறகு இரண்டு, மூன்று வாரங்களில் வளர்ச்சி நின்றுபோகிறது. அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்துவிட்டு உதிர்கிறது. எப்போதும் பத்தில் ஒரு பங்கு போல ஓய்வில் இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது யாருக்கும் இயல்பு. கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், திடீர் எடை இழப்பு, தாங்க முடியாத துயரம் என்று உடம்பை உலுக்குகிற எதுவும், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பலவற்றை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து அவை எல்லாம் சேர்ந்து விழுகின்றன. இதற்கு ‘டெலோஜென் எஃப்ளூவியம்’ என்று பெயர். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1961-இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

எனக்கு மிகப் பெரிய ஆறுதல் தந்தது வேறொன்று. உதிர்ந்த முடியின் அடியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருக்குமே, அதைப் பார்த்துவிட்டு ‘வேரோடு வருகிறது, இனி முளைக்காது’ என்று பயந்துகொண்டிருந்தேன். ஓய்வுக்காலம் முடிந்த முடிக்கு அடி அப்படித்தான் இருக்குமாம். முடி முளைக்கும் குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. குமிழே இல்லாமல் குட்டை குட்டையாக வந்தால், அது உதிர்ந்த முடி அன்று, இடையில் ஒடிந்த முடி. சூட்டுக் கருவிகளும் சாயமும் அளவுக்கு மீறும்போது அப்படி ஆகும்.

உங்களுக்கு முடி கொட்டியதற்கு முன்பு என்ன நடந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வருகிறவர்களுக்கு அதுதான் பயன்படும்.

இரண்டு குழந்தைகளின் தாய்:

நீங்கள் எழுதியதை முதல் பிரசவத்தின்போது படித்திருந்தால் எவ்வளவோ கண்ணீர் மிச்சமாகியிருக்கும், சகோதரி. கர்ப்ப காலத்தில் என் முடி அப்படி அடர்த்தியாக இருந்தது. ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் கூடுவதால் உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் நின்றுவிடுகின்றன. குழந்தை பிறந்ததும் அந்த அளவு சட்டென்று இறங்க, நிறுத்தி வைத்திருந்தவை எல்லாம் சில மாதங்களில் ஒன்றாகக் கிளம்புகின்றன. தாய்ப்பால் கொடுப்பதால்தான் கொட்டுகிறது, பாலை நிறுத்து என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து அதைக் கேட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது பெரும்பாலோருக்கு முடி பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் தைராய்டும் இரும்புச் சத்தும் பார்க்க வேண்டும் என்று என் மகப்பேறு மருத்துவர் சொன்னார். பிரசவத்துக்குப் பின் இரண்டுமே குறைய வாய்ப்பு இருக்கிறதாம்.

கல்லூரி மாணவி:

அக்கா, எனக்குக் காய்ச்சலும் வரவில்லை, வேறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஓர் ஆண்டுக்கும் மேலாக முடி கொட்டிக்கொண்டே இருந்தது. ஆறு மாதத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட உதிர்வு என்கிறார்கள். அப்போது ‘தானாக நின்றுவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. என் ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருந்தது. இரத்த சோகை இல்லை என்று ஒரு மருத்துவர் அதோடு அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர், “மாதவிடாயில் இரத்தப்போக்கு எப்படி?” என்று கேட்டுவிட்டு ஃபெரிட்டின் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவை அது காட்டுகிறது. என் சேமிப்பு ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு வெகு முன்பே இந்தச் சேமிப்பு கரைந்துவிடும் என்பதை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும்! அதிகமான இரத்தப்போக்கை நாம் ‘எல்லோருக்கும் இப்படித்தான்’ என்று சகித்துக்கொண்டு போகிறோம்.

இன்னொன்று. இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். குறைவு இல்லாதவருக்கு அது கூடுதலாகச் சேர்ந்தால் கேடு.

ஆய்வகப் பணியாளர்:

தங்கை எழுதியதோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். இதை நான் அன்றாடம் பார்க்கிறேன். முடிக்கு நல்லது என்று பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டே பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வருகிறார்கள். பயோட்டின் மிகுதியாக இரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனை முறைகளில் முடிவு தவறாக வரும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் கூடுதலாகவும் காட்டி, இல்லாத தைராய்டு மிகை நோயை இருப்பதாகச் சொல்லிவிடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனைகூடத் தவறிப்போகலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இதைக் குறித்து எச்சரித்தது. முடி உதிர்வுக்குக் காரணம் தேடத்தான் தைராய்டு பரிசோதனைக்கு வருகிறோம். அந்தப் பரிசோதனையையே முடி மாத்திரை கெடுத்துவிடுவது எவ்வளவு பெரிய கொடுமை! எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். பயோட்டின் குறைபாடே அரிது. வைட்டமின் ஏ, செலினியம் போன்றவை அளவுக்கு மீறினால் அவையே முடியை உதிர்க்கும்.

நடுத்தர வயதுக்காரர்:

என் கதை வேறு. சீப்பிலோ தலையணையிலோ பெரிதாக முடி இல்லை. ஆனால் உச்சியில் தோல் தெரியத் தொடங்கியது. பரம்பரையாக வரும் இந்த வழுக்கையில் முடி கொட்டுவதைவிட, புதிதாக முளைப்பது ஒவ்வொரு முறையும் மெலிந்து குட்டையாவதுதான் நடக்கிறது. பெண்களுக்கும் வரும், அவர்களுக்கு வகிடு அகலமாகும், முன்நெற்றி ஓரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மருத்துவர் சுமார் 60 முடிகளைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு மிகுந்திருக்கிறது என்று பொருளாம். எனக்கு ஒன்றிரண்டுதான் வந்தன.

மினாக்ஸிடில் பூசச் சொன்னார். முதலில் இரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்பட்ட மருந்து அது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததைக் கண்டு தலைக்குக் கொண்டுவந்தார்கள். தொடக்க வாரங்களில் உதிர்வு கூடும் என்று முன்னதாகவே எச்சரித்தார். அதைச் சொல்லியிருக்காவிட்டால் அப்போதே தூக்கி எறிந்திருப்பேன். பலன் தெரியக் குறைந்தது நான்கு மாதங்கள் வேண்டும்; நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். இதற்குச் சம்மதமா என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

மருந்துகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், வார்ஃபரின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநிலைக் கோளாறுக்கான லித்தியம் இவற்றாலும் சிலருக்கு முடி உதிரும். கருத்தடை மாத்திரையை நிறுத்திய பிறகும் உதிரலாம். மருந்தின் மீது சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றித் தருவார். முடிக்காக இதய மருந்தையோ வலிப்பு மருந்தையோ நீங்களாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

காசு வட்டம்போல் ஓரிடத்தில் மட்டும் முடி போனால் அது புழுவெட்டு. பெயரில் புழு இருந்தாலும் புழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிக்குழியைத் தாக்குகிறது. குழந்தைகளுக்குச் செதிலும் அரிப்புமாக வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. தலையில் எரிச்சல், வலி, சிவப்பு, முடி போன இடத்தில் தோல் துளையே தெரியாமல் வழுவழுப்பு, இவை இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே முடிக்குழியே தழும்பாகிக்கொண்டிருக்கும். போனது திரும்பாது, மீதியைத்தான் காப்பாற்ற முடியும்.

கல்லூரி மாணவி:

இரும்பு மாத்திரை தொடங்கிய பிறகு கொட்டுவது நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் பின்னல் இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது. இது சரியா, அக்கா?

காய்ச்சலிலிருந்து தேறியவர்:

சரிதான், தங்கையே. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். உதிர்வு நின்ற பிறகு முளைக்கும் முடி பின்னலுக்குள் வந்து சேர ஓராண்டுக்கு மேல் ஆகும். நெற்றியோரத்தில் குட்டையாக, நேராக நிற்கும் புது முடிகள் இருக்கின்றனவா என்று பார். எனக்கு முதலில் அங்கேதான் தெரிந்தன.