பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை): ஐந்து தடவை ப்ரிபெண்ட் செய்தும் ட்ராஃபிக் பேக்கப் லிங்கிலேயே உள்ளே வருகிறது

கேள்வி:
வணக்கம். எங்களுக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து லிங்க் இருக்கிறது. பெரியது 1 ஜிபிபிஎஸ், பேக்கப் 200 எம்பிபிஎஸ். சொந்த ஏஎஸ் எண் (இணையத்தில் எங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்), ஒரு /23 (512 ஐபி முகவரிகள் கொண்ட தொகுதி) உண்டு. பெரிய லிங்கில் வரும் ரூட்டுகளுக்கு லோக்கல் ப்ரிஃபரன்ஸ் (எந்த வழிக்கு முன்னுரிமை என்ற எண், பெரியதே ஜெயிக்கும்) 200 வைத்தேன், மற்றது 100-லேயே இருக்கிறது, வெளியே போவது உடனே சரியாகிவிட்டது. உள்ளே வருவதுதான் அடம் பிடிக்கிறது. பேக்கப் பக்கம் எங்கள் ஏஎஸ் எண்ணை ஐந்து தடவை கூடுதலாகச் சேர்த்து (அதுதான் ப்ரிபெண்ட், அந்த வழி நீளமாகத் தெரிவதற்காக) அனுப்பியும் கணிசமான ட்ராஃபிக் அதில்தான் வருகிறது, மாலையானால் லிங்க் திணறுகிறது. எம்ஈடி (எந்த லிங்கில் உள்ளே வரலாம் என்று பக்கத்து நெட்வொர்க்குக்குச் சொல்லும் எண்) போட்டும் பலனில்லை.

பதில் 1:
முதலில் பேக்கப் பக்கம் நீங்கள் அனுப்புவதை அட்வர்டைஸ்டு-ரூட்ஸ் கட்டளை போட்டுப் பாருங்கள். ரூட்-மேப்பை (அறிவிப்பை மாற்றும் விதிகளை) மாற்றிவிட்டு சாஃப்ட் க்ளியர் (இணைப்பை அறுக்காமல் அறிவிப்பைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுக்க மறந்திருந்தால் பழைய அறிவிப்பே வெளியில் நிற்கும்.

பதில் 2:
ப்ரிபெண்ட் சரியாகப் போயிருந்தாலும் இப்படித்தான் ஆகும். பேக்கப் நிறுவனத்துக்கு நீங்கள் காசு கொடுக்கும் வாடிக்கையாளர், அதனால் உங்களிடமிருந்து நேராக வரும் ரூட்டுக்கு அவர்கள் பொதுவாக அதிக லோக்கல் ப்ரிஃபரன்ஸ் வைத்திருப்பார்கள், பியரிடமிருந்து (அவர்களோடு ட்ராஃபிக் பரிமாறிக்கொள்ளும் மற்ற நெட்வொர்க்கிலிருந்து) வருவதற்குக் குறைவாக. பாத் நீளம் (வழியில் எத்தனை ஏஎஸ் எண்கள் என்பது) அதற்கப்புறம்தான் பார்க்கப்படும், ஆகவே ஐந்து என்ன, பத்து தடவை சேர்த்தாலும் அவர்கள் நெட்வொர்க்கிலிருந்து வருவது அசையாது. எம்ஈடியை வழக்கமாக ஒரே பக்கத்து ஏஎஸ்ஸிலிருந்து வந்த ரூட்டுகளுக்குள்தான் ஒப்பிடுவார்கள், இரண்டு வேறு நிறுவனங்கள் என்றால் அது உதவாது.

அவர்களிடம் லோக்கல் ப்ரிஃபரன்ஸைக் குறைக்கும் கம்யூனிட்டி (ரூட்டோடு ஒட்டி அனுப்பும் அடையாளக் குறி) இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்எஃப்சி 1998 என்ற இணைய ஆவணம் சொல்கிற பழைய முறைதான் இது, ஆனால் மதிப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. சிஸ்கோ என்றால் செண்ட்-கம்யூனிட்டி போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அது ரூட்டரை விட்டே வெளியே போகாது.

பதில் 3:
கம்யூனிட்டி இல்லையென்றால் பெரிய லிங்கில் மட்டும் இரண்டு /24-ஐயும் (/23-இன் இரண்டு பாதிகள்), இரண்டிலும் /23-ஐயும் அறிவியுங்கள். நீளமான ப்ரிஃபிக்ஸ்தான் (/23-ஐவிட /24) ஜெயிக்கும், பெரிய லிங்க் விழுந்தால் /23 தாங்கும். அதற்கு முன்னால் அந்த /24-களுக்கும் ஆர்ஓஏ (இந்த முகவரிகளை இந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்ற கையெழுத்திட்ட பதிவு) போட்டுவிடுங்கள், /23-க்கு மட்டும் அது இருந்தால் ஆர்பிகேஐ (அந்தப் பதிவுகளைச் சரிபார்க்கும் முறை) சோதிக்கும் நெட்வொர்க்குகள் /24-களை இன்வேலிட் என்று தள்ளிவிடும். இருந்தாலும் கம்யூனிட்டி கிடைத்தால் அதையே எடுங்கள், உலக ரூட்டிங் டேபிளில் வீணாக இரண்டு வரி ஏற வேண்டாம்.

கேட்டவர்:
கம்யூனிட்டி இருக்கிறதாம், மதிப்பை மெயிலில் அனுப்பினார்கள். போட்டு அரை மணி நேரத்தில் பேக்கப்பில் 10 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இறங்கிவிட்டது. ரொம்ப நன்றி. இன்றிரவு பெரிய லிங்கைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.