அம்மாவின் கடிதங்களை ஆர்ட் ஜர்னலில் ஒட்ட உதவி வேண்டும்

வணக்கம். அம்மா போன பிறகு, எழுத்து, துணி, வண்ணம் எல்லாம் கலந்து ஒரு ஆர்ட் ஜர்னல் செய்துகொண்டிருக்கிறேன். வெறும் டைரி என்றால் இரண்டு வரியில் நின்றுவிடுகிறது, ஆனால் அவருடைய சுங்குடிப் புடவைத் துண்டு ஒன்றை ஒட்டி, சுற்றிலும் கொஞ்சம் வண்ணம் பூசி, ஓரத்தில் எழுத ஆரம்பித்தால் அவரிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் தானாக வருகிறது. எனக்கு இப்போது இது ரொம்பத் தேவைப்படுகிறது.

அடுத்து அவருடைய கோலநோட்டும் இன்லேண்ட் கடிதங்களும். கடிதங்கள் இங்க் பேனாவில் எழுதியவை, ஈரம் பட்டால் கரையும், அதனால் அசலைத் தொடாமல் நகலைத்தான் ஒட்டப்போகிறேன். இங்க்ஜெட் நகலும் பசை ஈரத்தில் கலங்கலாம் என்பதால் லேசர் நகல். (அவருடைய மருந்துக்கடை பில்லையும் லேசர் நகலாகத்தான் ஒட்டுவேன், தெர்மல் தாளில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும்.)

300 ஜிஎஸ்எம் தடிமனான வாட்டர்கலர் தாளில் மெல்லிய நகலைச் சுருக்கம் விழாமல் ஒட்ட, தண்ணீர் கலந்த ஃபெவிகால் போதுமா, இல்லை மேட் மீடியம்தான் (காய்ந்தால் பளபளக்காத அக்ரிலிக் பசை) வேண்டுமா? துணிக்கும் அதுவே பிடிக்குமா? அக்ரிலிக் பூசிய பக்கங்கள் நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இடையில் பட்டர் பேப்பர் வைத்தால் சரியாகுமா?

அப்புறம், இறந்தவரின் கையெழுத்தை வைத்து யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? அதன் மேல் எந்த அளவுக்கு வண்ணம் பூசினீர்கள்? எழுத்து மறையக்கூடாது என்று மனசு சொல்கிறது. உங்கள் பக்கங்களின் படம் இருந்தால் போடுங்கள். மதுரையில் மேட் மீடியம் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.