உதவி: அரை மணி நேரம் ஓடினதும் ஆர்எக்ஸ்இசட் அணைஞ்சு போகுது, குழு ரைடுல சேர்க்க மாட்டேங்கிறாங்க

பிறை135:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவுல, பினாங்கு பட்டர்வொர்த் பக்கம் நம்ம ஆளுங்க ஒரு மோட்டார் சைக்கிள் குழு நடத்துறாங்க. செபராங் ஜெயாவுல ஒன்னுகூடி, பாலம் ஏறி, தெலுக் கும்பார், பாலிக் பூலாவ், தித்தி கெராவாங், தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கினு பினாங்கு தீவைச் சுத்தி வந்து, லிட்டில் இந்தியாவுல பசியாறிட்டு ஃபெரியில திரும்புவாங்க. அதுல சேர எனக்கு ரொம்ப நாளா ஆசை. அப்பா வச்சிருந்த யமாஹா ஆர்எக்ஸ்இசட் 135 சிசி மோட்டார் இப்ப என்கிட்டதான் இருக்கு.

சேர்றதுக்கு முன்னாடி மோட்டாரைப் பார்ப்பாங்களாம், பிறகு ஒரு சோதனை ஓட்டமாம். போனேன். ஹைவேயில அவங்ககூட ஓட்டிட்டு இருக்கிறப்பவே அணைஞ்சிடுச்சு. "சரி பண்ணிட்டு வா தம்பி, இப்படியே பாலத்துல ஏத்த மாட்டோம்"னு லீடர் சொல்லிட்டார்.

என்ன நடக்குதுன்னா, காலையில ஒரே உதையில ஸ்டார்ட் ஆகும். டவுனுக்குள்ள எவ்வளவு சுத்தினாலும் ஒன்னும் ஆகாது. ஹைவேயில எண்பதுல அரை மணி நேரம் போனா முதல்ல இழுவை குறையும், அப்புறம் திக்கித் திக்கி நின்னுடும். ஓரங்கட்டி கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஒரு கடையில பிளக் மாத்தி, கார்புரேட்டர் கழுவித் தந்தாங்க. அப்படியேதான் இருக்கு. இன்னொரு கடையில பிளாக், பிஸ்டன் எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்றாங்க. சம்பளம் மொத்தமும் அதுக்கே போயிடும்.

அவங்க அனுப்பின விதிகள்லயும் சில சந்தேகம் இருக்கு. என் லைசென்ஸ் பி2. மோட்டார் சரியாகலன்னா கூட்டாளியோட ராயல் என்ஃபீல்டு 350-ஐ எடுத்துட்டுப் போகலாமா? எக்ஸோஸ் (புகைக்குழாய்) ஒரிஜினலாத்தான் இருக்கணுமாம், என் வண்டியில அண்ணன் காலத்துலயே அதுக்குப் பதிலா இழுவை கூட்டுற சேம்பர் மாட்டியாச்சு. புது ஆள் லீடருக்குப் பின்னால ரெண்டாவதாத்தான் வரணும், பின்னால யாரையும் ஏத்தக் கூடாதாம். தம்பியும் வர்றேன்னு அடம் பிடிக்கிறான். இதெல்லாம் ஏன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கூலிம்கப்சாய்:

பிளாக்கைத் தொட விடாத தம்பி. அடுத்த தடவை அணைஞ்ச உடனே, ஆற விடாம, டேங்க் மூடியைத் திற. "புஸ்"னு காத்தை உள்ள இழுத்துச்சுன்னா மூடி ஓட்டை அடைச்சிருக்கு.

பாயான்பாரு போமன்:

மேல சொன்னதுதான் எனக்கும் முதல் சந்தேகம். டேங்குல இருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காத்து வரணும். அதுக்குத்தான் மூடிக்குள்ள ஊசி முனை அளவுக்கு ஒரு வழி விட்டிருக்கான். பழைய வண்டிகள்ல துருவும், தேய்ச்ச பாலிஷும், மழைத் தண்ணியோட சேர்ந்த தூசியும் அதை அடைச்சிடும். டவுன்ல மெதுவாப் போறதால பெட்ரோல் கம்மியாத்தான் இறங்கும், பிரச்சினை தெரியாது. ஹைவேயில விடாம குடிக்கிறப்ப டேங்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி கார்புரேட்டர் காஞ்சு போகும். நிறுத்தி வச்சா காத்து மெல்லக் கசிஞ்சு உள்ள போயிடும், பிறகு ஸ்டார்ட் ஆகும். நீங்க சொன்ன அத்தனையும் இதோட பொருந்துது.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு இதுதான்னு சொல்ல மாட்டேன். சூடானதும் கரண்ட் விட்டுப் போற வண்டிகளும் இதே மாதிரிதான் நிக்கும், ஆறினதும் ஓடும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். அணைஞ்ச இடத்துலயே, ரோட்டை விட்டு நல்லா ஒதுங்கி, கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்துங்க. கிண்ணம் நிறைய பெட்ரோல் வந்தா பெட்ரோல் பக்கம் குத்தமில்ல. ரெண்டு சொட்டோட நின்னா பெட்ரோல்தான் வரல. சிந்தினதைத் துடைச்சு, ஸ்குரூவை முறுக்கி, அந்த வாசனை போன பிறகு பிளக்கைக் கழட்டி, பிளக் வயரோட மூடியில மாட்டி, எஞ்சின் ஹெட்டோட உலோகத்துல ஒட்ட வச்சு உதைங்க. நீலமாப் பொறி பறக்கணும். பொறியே இல்லன்னா, இல்ல மஞ்சளா மங்கலா வந்தா, எஞ்சின் சுத்துறப்ப கரண்ட் உண்டாக்குற மெக்னெட்டுக்குள்ள இருக்கிற ஃபியூல் காயிலையும், பிளக்குக்குப் போற காயிலையும், பொறியைக் கட்டுப்படுத்துற சிடிஐ பெட்டியையும் பார்க்கணும். சூட்டுல காயில் கம்பி விட்டுப் போறது பழைய ஆர்எக்ஸ்இசட்டுல சகஜம்.

இன்னொரு முக்கியமான விஷயம். டூ ஸ்ட்ரோக் வண்டியில பெட்ரோல் குறைஞ்சு காத்து கூடிப்போனா பிஸ்டன் கொதிக்கும். இழுவை குறையுதுன்னு தெரிஞ்சும் திராட்டலை முறுக்கிக்கிட்டே போனா பிஸ்டன் பிளாக்கோட ஒட்டிக்கும், பின் சக்கரம் பூட்டிக்கும். அப்ப நிஜமாவே பிளாக் மாத்த வேண்டி வரும். இழுவை குறைஞ்ச அந்த நொடியே கிளட்சைப் பிடிச்சு ஓரங்கட்டிடுங்க. கிளட்ச் மேல எப்பவும் ரெண்டு விரல் இருக்கட்டும்.

சேம்பர் மாட்டினப்ப கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவை வைக்கிற மெயின் ஜெட்டை மாத்தினாங்களா? பிளக் என்ன நிறத்துல இருக்கு?

பிறை135:

நன்றி அண்ணே, இவ்வளவு தெளிவா எந்தக் கடையிலயும் சொல்லல. ஜெட் மாத்தினதா தெரியல. பிளக் நுனி வெள்ளையா இருக்கு. சனிக்கிழமை ஷிப்டு முடிஞ்சதும் மூடியைச் சோதிச்சுட்டு எழுதுறேன்.

வால்மார்ஷல்:

தம்பி, உங்க குழு எதுன்னு தெரியாது. நான் இன்னொரு குழுவுல கடைசி ஆளா வர்றவன். விதி கேட்டிருந்தீங்க, அதுக்கு மட்டும் சொல்றேன்.

லைசென்ஸ்ல விட்டுக்கொடுக்கவே முடியாது. பி2-ன்னா 250 சிசி வரைக்கும்தான். 135-க்கு அது தாராளம். 350-க்கு பி1 இல்லன்னா பி எடுக்கணும். ரோட் பிளாக்குல பிடிச்சா சம்மனோட போயிடும், விழுந்தா அதைவிட மோசம். லைசென்ஸ் பொருந்தலன்னு இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடலாம், அடிபட்ட மத்த ஆளோட செலவும் உங்க தலையில விழலாம். கூட்டாளி வண்டி எவ்வளவு நல்ல வண்டியா இருந்தாலும் வேணாம். ரோட் டேக்ஸும் லைசென்ஸும் சாலைப் போக்குவரத்து இலாகாவோட மைஜேபிஜே ஆப்புலயே காட்டலாம், கிளம்புறதுக்கு முன்னாடி தேதியைப் பார்த்துக்குங்க.

புது ஆளை ரெண்டாவதா விடுறது மரியாதைக் குறைவு கிடையாது. தைப்பூசத்துல ரதம் ஒரு நிமிஷம் நின்னா வால்ல வர்றவன் பத்து நிமிஷம் நிப்பான், பிறகு ஓடிப் பிடிப்பான். ரைடுலயும் அப்படித்தான். லீடர் எழுபதுல போனா, கடைசியில வர்றவன் இடைவெளியை மூட தொண்ணூறு, நூறுன்னு முறுக்க வேண்டி வரும். பழகாத ஆளுக்கு அந்த வேகம் ஆபத்து. லீடருக்குப் பின்னால நீங்க இருந்தா அவர் கண்ணாடியில உங்களைப் பார்த்துக்கிட்டே வேகத்தைச் சரிபண்ணுவார்.

நேர் ரோட்டுல லீடர் லேனோட வலது பக்கம், அடுத்த ஆள் இடது பக்கம், அதுக்கடுத்தவர் வலதுன்னு மாறி மாறிப் போவோம். உங்களுக்கு நேர் முன்னால இருக்கிறவர் ஒரு கம்பத்தைத் தாண்டினதுல இருந்து நீங்க தாண்டுற வரைக்கும் ரெண்டு நொடி இருக்கணும். வளைவு வந்ததும் அதெல்லாம் கலைஞ்சு ஒத்தை வரிசை. பாலிக் பூலாவ்ல இருந்து தித்தி கெராவாங் ஏறுறப்ப புரியும், ஒவ்வொரு வளைவுக்கும் முழு லேனும் உங்களுக்கு வேணும். எதிர்ல டூரியான் லாரி வரும், சீசன்ல ரோட்டோரத்துல கார் நிறுத்தி வாங்கிட்டு நிப்பாங்க. மழை பெஞ்சா இலையும் பாசியும் வழுக்கும்.

சிவப்பு விளக்குல குழு ரெண்டாப் பிரிஞ்சா பிரியட்டும். யாரும் தாண்டக் கூடாது. முன்னால போனவங்க பாதுகாப்பான இடத்துல நிப்பாங்க, திரும்புற இடத்துல ஒருத்தர் காத்திருப்பார். மார்ஷல்னு மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு சந்தியில கார்களை மறிக்கிற குழுவும் இருக்கு. எனக்கு அது துளியும் பிடிக்காது. போக்குவரத்தை நிறுத்துற அதிகாரம் நம்மகிட்ட கிடையாது.

ஆயர்ஈத்தாம் அக்கா:

தம்பியைப் பின்னால ஏத்தாத விஷயத்துல குழு சொல்றது சரி. ஒரு ஆள் கூடினா பிரேக் பிடிக்கிற தூரம் கூடும், மலை வளைவுல வண்டி சாயுறதும் மாறும். உனக்கே பாதை புதுசு. அவன் ஆசைப்பட்டா பினாங்கு சென்ட்ரல்ல இருந்து ஃபெரி எடுத்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்து வரட்டும், எல்லாரும் சேர்ந்து பசியாறலாம்.

அவங்க ஐசி (அடையாள அட்டை) நகல் கேட்டாங்களா? சில குழுவுல கேட்கிறாங்க. ஐசி படத்தை வாட்ஸ்ஆப் குழுவுல போடாத. வீட்டு ஆள் ஒருத்தரோட போன் நம்பர், ரத்த வகை, மருந்து ஏதாச்சும் ஒத்துக்காதுன்னா அது, இவ்வளவு போதும். ஒரு தாள்ல எழுதி ஜாக்கெட் உள்பையில வச்சுக்கோ, லீடர்கிட்ட ஒரு நகல் கொடு. போன் பூட்டியிருந்தா உதவிக்கு வர்றவங்களால திறக்க முடியாது, தாளை யாரும் படிக்கலாம். நான் நர்ஸா இருக்கேன், ஹெல்மெட்டோட அவசரப் பிரிவுக்கு வர்ற பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டுத்தான் சொல்றேன். இந்த நாட்டு ரோட்டுல சாகிறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டார்காரங்க. சிரிம் தர முத்திரை இருக்கிற ஹெல்மெட் போடு, தாடை வாரை இறுக்கிப் பூட்டு. ஒரு தடவை பலமா அடி வாங்கின ஹெல்மெட்டை மறுபடி போடாத.

கம்போங்ரேசர்:

இவ்வளவு விதி எதுக்குங்க? நாங்க அஞ்சாறு பேர் நினைச்சா கிளம்புவோம், ஒரு தாளும் கிடையாது. சந்தோஷத்துக்குத்தானே ஓட்டுறோம்.

வால்மார்ஷல்:

அஞ்சாறு பேர், எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் அறிஞ்சவங்கன்னா தாள் வேணாம். இருபது பேர், அதுல பாதி அறிமுகமே இல்லாதவங்க, 13.5 கிலோமீட்டர் பாலம், குறுக்குக் காத்து, பின்னால பெரிய லாரி. அங்க ஒரு வண்டி அணைஞ்சா ஒதுங்க இடம் குறைச்சல், பின்னால வர்ற அத்தனை பேரும் ஒரே நேரத்துல பிரேக் பிடிக்கணும். இந்தத் தம்பியை லீடர் பாலத்துல ஏத்தாம விட்டதுக்கு அவருக்கு நான் கை கொடுப்பேன்.

பிறை135:

சோதிச்சுட்டேன். பண்டார் பாருவைத் தாண்டினதும் இழுவை குறைஞ்சுது. கிளட்சைப் பிடிச்சு ஓரங்கட்டி உடனே மூடியைத் திறந்தேன். நல்ல சத்தமாவே "புஸ்"னு இழுத்துச்சு. மூடியை லேசா வச்சு ஓட்டினேன், வழியெல்லாம் எண்பதுல ஒரு திக்கலும் இல்ல. வீட்டுல மூடியைக் கழட்டிப் பார்த்தா உள்ள இருக்கிற சின்ன ஓட்டையில பச்சையா ஏதோ கெட்டியா அடைச்சிருக்கு. அதை ட்ரில் போட்டுப் பெருசாக்கிடலாமா?

பாயான்பாரு போமன்:

ட்ரில் வேணவே வேணாம். ஓட்டை பெருசானா பிரேக் பிடிக்கிறப்ப பெட்ரோல் வெளிய தெறிச்சு சூடான எஞ்சின் மேல விழும், மழைத் தண்ணியும் உள்ள போகும். மெல்லிசான செம்புக் கம்பியால அழுக்கைக் கிளறி, பெட்ரோல்ல ஊற வச்சு, காத்து அடிச்சு எடுங்க. வாயால ஊதினா காத்து போறது தெரியணும். ரப்பர் வெடிச்சிருந்தா மூடியையே மாத்திடுங்க, பிளாக்கோட ஒப்பிட்டா அது காசே இல்ல. டேங்குக்குள்ள டார்ச் அடிச்சுத் துரு இருக்கான்னும் பாருங்க, மூடியில பச்சை பூத்திருந்தா உள்ளயும் தண்ணி நின்னிருக்கலாம்.

அதோட வேலை முடியல. பிளக் வெள்ளையா இருந்ததுக்கு மூடி பாதிக் காரணம், சேம்பர் மீதிக் காரணமா இருக்கலாம். குழு கேட்கிறபடி ஒரிஜினல் எக்ஸோஸை மாட்டிட்டு, எண்பதுல கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடிச்சு எஞ்சினை அணைச்சு ஓரம் நிறுத்தி பிளக்கைப் பாருங்க. பழுப்பா இருந்தா நிம்மதியா ஓட்டலாம். இன்னும் வெள்ளைன்னா ஓட்டாதீங்க, கொண்டாந்து ஜெட்டைப் பார்க்கச் சொல்லுங்க. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஊத்துற 2டி எண்ணெய் டேங்கையும், அந்த எண்ணெய் பம்ப் கேபிளையும் மறந்துடாதீங்க, திராட்டலோட சேர்ந்து கேபிள் இழுக்குதான்னு கண்ணால பார்த்துக்குங்க.

பிறை135:

மூடி சுத்தம் பண்ணியாச்சு, அப்பா பத்திரமா சாக்குல சுத்தி வச்சிருந்த ஒரிஜினல் எக்ஸோஸை மாட்டியாச்சு. பிளக் பழுப்பு. லீடருக்குப் போன் பண்ணேன், புதன்கிழமை சாயங்காலம் மறுபடி சோதனை ஓட்டம் வைக்கிறேன்னு சொன்னார். தம்பி ஃபெரியில வர்றான். அக்கா சொன்ன தாளையும் எழுதிட்டேன்.

வால்மார்ஷல்:

நல்லது தம்பி. ஒன்னுகூடுற இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோலையும் 2டியையும் நிரப்பிடுங்க, உங்க ஒருத்தருக்காக முழு குழுவும் ஸ்டேஷன்ல நிக்கக் கூடாது. ஒரு ஸ்பேர் பிளக், பிளக் ஸ்பேனர், கிளட்ச் கேபிள் ஒன்னு சீட்டுக்கடியில இருக்கட்டும். 2019-ல இருந்து பாலத்துல மோட்டாருக்கு டோல் இல்ல, டோல்கிட்ட யாரும் பையைத் துழாவ வேண்டியதில்ல. வேகத்தைக் குறைச்சு வரிசை மாறாம போங்க.

கூலிம்கப்சாய்:

புதன்கிழமை என்னாச்சுன்னு எழுது தம்பி. மழை வந்தா சோதனை ஓட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளு, ஒத்துக்குவாங்க.